வாங்கியவர் இல்லாத கதை

போன வாரம் மகளோடு உட்கார்ந்து 'ரியோ' (2011) படத்தை மறுபடி பார்த்தேன். முடிந்ததும் கேட்டாள்: "அப்பா, அந்தத் திருடன் ப்ளூவ யாருக்கு விக்கப் போறான்?" என்னிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லை.

கார்லோஸ் சல்தான்ஹா இயக்கிய இந்தப் படத்தில் பறவை கடத்துபவர்களுக்கு முகம் உண்டு. மார்செல், அவன் அடியாட்கள், வில்லன் காக்கட்டூ நைஜல். காசுக்காகக் கூண்டைத் திருடும் அநாதைச் சிறுவனுக்குக்கூட ஒரு மனசு உண்டு. வாங்குபவருக்கு மட்டும் முகமே இல்லை. குஞ்சு ப்ளூ கடத்தப்பட்டு மினசோட்டாவுக்கு வருகிறது. பெட்டி வண்டியிலிருந்து தவறி விழ, சிறுமி லிண்டா எடுத்து வளர்க்கிறாள். அந்தப் பெட்டி போய்ச் சேரவேண்டிய வீடு எது? படம் கேட்பதே இல்லை.

ப்ளூ, ஸ்பிக்ஸ் மக்காவ் இனம். நிஜத்தில் அதன் ஊர் படத்தில் வரும் மழைக்காடு அல்ல. பிரேசிலின் பாஹியா மாநிலத்து வறண்ட முட்காடு. காடும் அழிந்தது, பிடித்தும் விற்றார்கள். 1990இல் அங்கே ஒரே ஒரு ஆண் பறவைதான் மிஞ்சியிருந்தது. 1995இல் கூண்டில் இருந்த ஒரு பெண் பறவையைத் துணைக்கு விட்டார்கள். சில வாரங்களில் காணாமல் போனது. 2000க்குப் பிறகு அந்த ஆணையும் காணோம். எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும்; விலை ஏறினால் கடைசிக் கூட்டையும் தேடிப் போவார்கள். நான் தினமும் எழுதும் நிரல்போலச் சொன்னால், இது முடிவில்லாத லூப். அதை ஓட்டுவது வாங்குகிறவனின் காசு.

2022இல் எட்டு பறவைகளை அங்கே திரும்பப் பறக்கவிட்டார்கள். அவை பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களிடம் இருந்த பறவைகளின் வாரிசுகள். காட்டைக் காலி செய்த ஆசையின் கூண்டுகளில்தான் விதையும் மிஞ்சியது. இந்தச் சங்கடத்தைக் குழந்தைகள் படம் தாங்காது என்பீர்கள். என் மகளின் கேள்வி, தாங்கும் என்கிறது.

லிண்டாவை எனக்குப் பிடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்ன வயசில் எங்கள் வீட்டிலும் பச்சைக்கிளி இருந்தது. இந்தியாவில் நாட்டுப் பறவைகளை விற்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தடையாகிவிட்டது; அதற்கப்புறம்தான் அப்பா அதைச் சந்தையில் வாங்கிவந்தார். "நாம நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்" என்பார் அம்மா. உண்மைதான். லிண்டாவும் நல்லாத்தான் பார்த்துக்கொண்டாள். அந்த அன்பைக் காட்டித்தான் படம் நம்மை விடுதலை செய்கிறது.

மகளுக்கு இன்னும் பதில் பாக்கி. சொல்லிவிட வேண்டும்: "நம்ம தாத்தா மாதிரி ஒருத்தருக்கும்மா."