ண-வுக்கு இடம் விடுங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு இதுவரை நான்கு முறை போய்விட்டேன். அங்குள்ள குடவோலைக் கல்வெட்டில் எல்லோரும் தேர்தலைப் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது அதிலுள்ள எழுத்தை. அடடா, என்ன எழுத்து!

ஒன்றரை வருடமாகத் தமிழ் எழுத்துரு ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். 247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். கொம்பு, கால், புள்ளியை எல்லாம் ஒருமுறை வரைந்தால் போதும், ஒட்டிக்கொள்ளலாம். ஆட்டிவைப்பவை உகரமும் ஊகாரமும்தான். சு, பு, யு, வு நல்ல பிள்ளைகள். கீழே ஒரு கோடு இறக்கினால் ஆயிற்று. து, நு, று வாலைச் சுழற்றி மேலே ஏற்றும். கு, டு, மு, ரு ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வளையும். 18 மெய்க்கும் 36 வடிவம்; ஒவ்வொன்றையும் தனியே இழைக்க வேண்டும்.

அதையும் தாண்டிவிட்டேன். ண-வில் மாட்டிக்கொண்டேன். மூன்று சுழி. வரி சீராக இருக்க வேண்டுமென்று எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் அடைத்திருந்தேன். பெரிதாகப் பார்த்தால் அம்சமாக இருக்கும். பத்திரிகை அளவுக்குச் சிறிதாக்கி ‘எண்ணெய்’ என்று அடித்தால், சொல்லின் நடுவே மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு! சுழிகளை மெலிதாக்கினேன், சிறிதாக்கினேன், கோட்டைக் குறைத்தேன். எதுவும் சரிவரவில்லை.

அந்த நிலையில்தான் உத்திரமேரூர் போனேன். பராந்தக சோழன் காலத்து வரிகள், கி.பி. 919, 921. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நான்கரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து சுவரை உரசியதும், ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி, எழுத்துகள் எழுந்து நிற்கும். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ப அன்றைக்கே நம் ப! ட-வும் அப்படித்தான். புள்ளியைத்தான் தேட வேண்டும். ர எது, கால் எது என்பதை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

“என்ன தம்பி, ரொம்ப நேரமா அதையே பாக்கறீங்க?” என்றார் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா.

“எழுத்துக்கு நடுவுல இருக்கற எடத்தப் பாக்கறேம்மா.”

உண்மையும் அதுதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே இல்லாத வரிகள். ஆனாலும் ஓர் எழுத்துகூட மூச்சுத் திணறவில்லை. ட சின்ன இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அகலமான எழுத்து வந்ததும் உளி தாராளமாக நகர்ந்திருக்கிறது. சமமாக இருப்பது அகலம் அல்ல, எழுத்துக்கு உள்ளும் வெளியும் உள்ள வெற்றிடம்!

கடைசி பஸ்ஸில் காஞ்சிபுரம் திரும்பி, அன்றிரவே ண-வை விரித்தேன். ட-வைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். மூன்று சுழியிலும் வெளிச்சம் தெரிந்தது. ‘எண்ணெய்’ அடித்தேன், ‘கிண்ணம்’ அடித்தேன், ‘வெண்ணிலா’ அடித்தேன். விடிய விடிய அடித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து ஞ.