நெய்ச்சோறும் கூழும்

குழந்தையைப் பற்றி எழுதுவது முற்போக்கு எழுத்தாளனுக்கு உரிய வேலைதானா என்று நம்மைச் சார்ந்த நண்பர்களே சிலவேளைகளில் வினவுகின்றனர். வேலைநிறுத்தமும் பட்டினியும் இருக்க, வீட்டு விறாந்தையில் தத்தி நடக்கும் இரண்டு வயது மகளின் குறும்பைப் பாடுவது குட்டி முதலாளித்துவ மனப்பான்மை என்பது அவர்தம் முடிபு. மறுபுறத்தில், தூய இலக்கியம் பேசுவோர் அக்குறும்பை மட்டும் தனியே கிள்ளியெடுத்துச் சர்க்கரைப் பாகில் தோய்த்துத் தருகின்றனர். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே சமுதாயம் இல்லை என்னும் எண்ணம் இரு சாராருக்கும் பொது. அவ்வெண்ணத்தையே நாம் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

அம்மகிழ்ச்சி மெய்யானது என்பதை முதலிற் கூறிவிடுவோம். பள்ளிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் தகப்பனின் மடியில் ஏறிச் சிவப்புப் பென்சிலைப் பறித்து, எவனோ ஒரு மாணவனின் கணக்குக்குத் தானும் ஒரு கீறல் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும் மகளை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டா. சுளகில் கிடக்கும் அரிசியைக் கிண்டுவாள். அம்மாவின் செருப்பைக் கால்மாறிப் போட்டுக்கொண்டு விறாந்தையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவாள். நேற்றுக் கற்ற 'காகம்' என்ற சொல்லைக் கோழிக்கும் ஆகாயவிமானத்துக்கும் சூட்டுவாள். (பொதுமைப்படுத்தல் என்னும் அறிவுத்தொழில் அங்கேதான் தொடங்குகிறது. விமரிசகர்களாகிய நம்மிற் பலர் அதனைக் கடந்து வெகுதூரம் போய்விடவில்லை.) இம்மகிழ்ச்சி பணம் படைத்தவனுக்கு மட்டும் உரியதன்று. ஆயின் அது நிகழும் இடம், அதற்குக் கிடைக்கும் நேரம், சிந்தும் அரிசியின் பெறுமதி ஆகியன வீட்டுக்கு வீடு வேறுபடும். இலக்கியத்தைப் பார்க்கும்போதும் இதை நாம் மறத்தலாகாது.

புறநானூற்றின் 188ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். தத்தி நடந்து வந்து, கலத்தில் உள்ளதை அள்ளி நிலத்திற் சிந்தி, வாயில் வைத்து, குழப்பி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்க்கு, எத்துணைச் செல்வம் இருந்தும் வாழ்நாள் வீணே என்பது அதன் பொருள். உணவு வேளையில் ஒரு குழந்தை செய்வனவற்றை இத்துணை நுட்பமாய்க் கண்டு, வரிசை குலையாமல் சொன்ன பாட்டு தமிழில் வேறு உண்டோ என்பது ஐயமே. பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன். அவன் கண்டது சிந்திய சோறு. அதனைக் கூட்டித் துடைத்த கை அவன் பாட்டில் இல்லை. குறை கூறும் நோக்கில் இதனைச் சொல்கிறோம் அல்லோம். தன் செல்வம் முழுவதையும் ஒரு குழந்தையின் எச்சிற் கைக்கு முன்னே பயனற்றதாய் வைக்கும் துணிவு ஓர் அரசனிடத்தில் இருந்தது பெரிது. ஆயினும் நெய்ச்சோறு சிந்தும் வீடும், அளந்து போட்ட அரிசி சிந்தும் வீடும் ஒன்றல்ல. பின்னைய வீட்டிலும் தாய் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சிந்தியதைப் பொறுக்கி எடுப்பாள்.

வள்ளுவர் பேசுவது கூழை. மக்களின் சின்னக் கை அளைந்த கூழ் அமுதத்தைவிட இனிது என்பது அவர் கருத்து. பழந்தமிழில் அச்சொல் உணவு என்ற பொதுப்பொருளிலும் வரும் என்பது உண்மையே. ஆனால் பரிமேலழகர் அதற்குச் சோறு என்று பொருள் எழுதி, கை அளைதல் யாது என்று காட்டுவதற்கு மேற்சொன்ன அரசனின் பாட்டையே கொண்டுவந்து வைக்கிறார். கூழ் ஊற்றிய கலத்தில் இவ்வாறாக நெய் வந்து விழுந்தது!

இன்னொன்றும் நடந்தது. இன்று மக்கட்பேறு என வழங்கும் அதிகாரத்துக்கு அவர் கொண்ட பெயர் புதல்வரைப் பெறுதல். அதன் முதற் குறளில் வரும் மக்கள் என்ற சொல் அறிவோடு சேர்த்துச் சொல்லப்பட்டமையால் பெண்ணை உள்ளடக்காது என்றும் அவர் விளக்கந் தந்தார். மூலத்தில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. நிலவுடைமைச் சமுதாயத்தின் தீர்ப்பை உரையாசிரியர் சொல்லினுள்ளே புகுத்தினார் என்றே நாம் கொள்ளவேண்டும். பென்சிலைப் பறித்த நம் சின்னவள் இவ்வுரையின்படி மக்களுள் ஒருத்தி அல்லள்.

மகள் பாட்டில் இடம்பெற வேண்டுமாயின் தெய்வமாய்ப் பிறக்கவேண்டியிருந்தது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் குமரகுருபரரின் மீனாட்சியைப் போன்றவளே அம்மானை ஆடுகிறாள், ஊசலாடுகிறாள். நெசவாளியின் மகளுக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவரை நாம் அறியோம். 1917இல் நூலாய் வந்த கண்ணன் பாட்டில் பாரதியும் கண்ணம்மாவைப் பராசக்தி என்றே சொல்லித் தொடங்குகிறான். எனினும் அங்கே ஓர் உடைப்பு நேர்கிறது. அவள் கண் கலங்கினால் பெற்ற நெஞ்சு படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் பராசக்தி மறைந்துபோகிறாள். மடியிற் கிடப்பது வெறும் பெண்குழந்தை. பெண்குழந்தைக்கென்றே பாரதிதாசன் தாலாட்டு எழுதியதும் இவ்வழியிலேயே.

ஆயின் வீட்டுக் கதவை முழுதாய்த் திறந்துவைத்தவர் புதுமைப்பித்தன். 'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர் பெரிய நாவல் எழுதும் எண்ணத்தோடு விளம்பரம் எழுதிப் பிழைப்பவர். கடைக்காரனுக்குக் கடன், வந்த நண்பர்களுக்குக் காப்பி போடத் தூள் இல்லை. இவற்றின் நடுவே மகள் அலமு, தெருவில் நிற்கும் ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அந்த ரிக்ஷா ஒருவனுடைய பிழைப்பு, அவளுக்கோ விளையாட்டு. அவளைத் தேடிப்போகும் தகப்பனுக்கு அந்தக் கணத்தில் கடன் மறந்துபோகிறதா என்றால், இல்லை. மறந்துபோனதாய் எழுதியிருந்தால் கதை பொய்த்திருக்கும். அலமுவின் விளையாட்டைக் கடன் விழுங்கிவிட்டதாய் எழுதியிருந்தாலும் பொய்த்தே இருக்கும். புதுமைப்பித்தன் இரண்டையும் ஒரே அறையில், ஒரே நாளில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அவரை நம்பிக்கை வறட்சியாளர் என்று ஒதுக்கும் நம் நண்பர்கள் இக்கதையை மீண்டும் ஒருமுறை படிப்பது நன்று.

குழந்தையோடு களிப்பதற்கு முதலில் வேண்டியது நேரம். அந்நேரமும் கூலியைப் போலவே பங்கிடப்படுவது. நம் நாட்டில் இதனை மலையகத்தைப்போல் வேறெங்கும் வெளிப்படையாய்க் காண இயலாது. விடியற்காலையில் மகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுத் தாய் மலைக்கு ஏறுகிறாள். குழந்தை முதன்முதல் இரண்டடி வைத்ததைத் தாய் காணாமல் ஆயா காண்பதும் உண்டு. தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை; நம் விமரிசனம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆயினும் தாலாட்டில் பேசுபவள் தாய் ஒருத்தியே; மகள் உறங்கப்போகிறாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மகளை இடுப்பில் ஏந்தி லயத்துக்குத் திரும்பி, அடுப்பில் ஈரவிறகை ஊதும் அந்த ஒரு மணி நேரத்தில், புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே அப்பிள்ளை என்ன கேட்கிறாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், பிசைந்து வைத்த ரொட்டி மாவை எடுத்து என்ன செய்கிறாள் என்பதை மலையகத்து இளைஞர் யாரேனும் எழுதினால், அதைப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.