அக்ரபாவில் ஒரு பெண்குரல்

சென்ற விடுமுறையில் ஏழு வயது மகளோடு டிஸ்னியின் 'அலாதீன்' (1992) கார்ட்டூனை மீண்டும் பார்த்தேன். இடையில் அவள் கேட்டாள்: "வாப்பா, இவங்க எல்லாரும் ஒரே ஊர்தானே? கடைக்காரர் மட்டும் ஏன் வேற மாதிரிக் கதைக்கிறார்?"

ஆய்வாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். அலாதீனும் ஜஸ்மினும் அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிறார்கள். கரடுமுரடான 'அறபு' உச்சரிப்பும் பெரிய மூக்கும் வாளும் வியாபாரிகளுக்கும் காவலாளிகளுக்கும்தான். நல்லவன் தன்னைப்போல் பேசுவான், கெட்டவன் அறபியைப்போல் பேசுவான் என்று அமெரிக்கப் பிள்ளை சொல்லிக்கொடுக்காமலே படித்துக்கொள்கிறது.

படத்தின் தொடக்கப் பாடல் அறபு மண்ணைக் காது வெட்டும் தேசமாக அறிமுகம் செய்தது. அமெரிக்க அறபிகள் எதிர்த்ததால் 1993இல் வெளியான வீடியோப் பிரதியில் அந்த வரி மாற்றப்பட்டது. காட்டுமிராண்டித்தனத்தைக் குறிக்கும் சொல்லோ அப்படியே தங்கிவிட்டது. நடிகர்களை வைத்து 2019இல் எடுத்த படத்தில்தான் அதுவும் நீங்கியது.

எனக்கு உறுத்தியது வேறொன்று. பசித்த சிறுவனுக்கு ஜஸ்மின் ஓர் அப்பிளை எடுத்துக் கொடுக்க, கடைக்காரர் அவளது கையை வெட்ட வாளை ஓங்குகிறார். இளவரசனைத்தான் மணக்க வேண்டும் என்கிறது சட்டம். அக்ரபா எவ்வளவு கொடிய ஊர் என்பதற்கு அவளது துன்பமே சாட்சி. ஆனால் சாட்சிக்குப் பேச இடமில்லை. கார்மென் ஃபோட், கேரன் ஐசன்ஹவர் என்ற மொழியியலாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, இப்படத்தின் பேச்சில் 90 வீதம் ஆண்களுடையதாக இருந்தது. தான் வென்றெடுக்கும் பரிசல்ல என்று ஜஸ்மின் சீறுகிறாள்; முடிவில் தந்தை சட்டத்தை மாற்றியபிறகே அவளுக்கு விடுதலை. இனத்தை இழிவுபடுத்தவும் பெண்ணை ஊமையாக்கவும் படம் ஒரே காட்சிகளைத்தான் பயன்படுத்துகிறது.

காது வெட்டும் வரிக்கு எங்களுக்கு உடனே கோபம் வருகிறது. அந்த 90 வீதத்துக்கு வருவதில்லை. எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதும் கதைகளில் உம்மாவும் ராத்தாவும் எத்தனை வரி பேசுகிறார்கள் என்று எண்ணினால், டிஸ்னியைக் குறைசொல்லும் வாய் கொஞ்சம் தயங்கும்.

படம் முடிந்ததும் மகள் மறுபடியும் கேட்டாள்: "ஜஸ்மினுக்குக் கூட்டாளிமார் இல்லையா?"

"புலி இருக்குதே" என்றேன்.

"அது கதைக்காதே, வாப்பா."