கனத்த குதிரையின் நிதானம்

வாசுதேவநல்லூர்ப் பக்கம் பந்தயம் என்றால் வண்டிப் பந்தயம்தான். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். தூரம் இன்றும் ‘போக வர இத்தனை மைல்’ கணக்குதான். கொடி அசைந்ததும் புழுதி, விசில், சாரதியின் அதட்டல். அது வேகத்தின் ருசி.

நெடுந்தூரக் குதிரைச் சவாரியின் ருசி வேறு. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கப்பில் 100 மைல் மலைப்பாதையை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அங்கே ராஜா அரபுக் குதிரைதான்: ஒல்லி உடம்பு, மெல்லிய தோல், சீக்கிரம் சூடு தணியும். பாரமிழுக்கும் இனத்தோடு கலந்து பிறந்த குதிரைக்குத் தசை அதிகம். ஏறும் சூடும் அதிகம், ஆறப் பிடிக்கும் நேரமும் அதிகம்.

ஆனாலும் அதன்மேல் ஆசையாக ஏறுகிறவர்கள் உண்டு. அகன்ற முதுகு, பதறாத குணம், மேட்டில் சளைக்காத கால். இடையிடையே கால்நடை மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பார். இதயத்துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கினால்தான் மேலே போகலாம். சவாரிக்காரர் சேணத்தை அவிழ்த்து, கழுத்திலும் நெஞ்சிலும் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுவார். அந்த நிற்றலில்தான் குதிரையின் மூச்சு பழகும், மனசும் பழகும்.

முந்துவதைவிட, குதிரை நல்லபடியாக வந்து சேர்வதே பெரிது. குறித்த நேரத்துக்குள் வந்து மருத்துவச் சோதனையிலும் தேறிவிட்டால், டெவிஸில் கடைசி ஆளுக்கும் வெள்ளி பக்கிள் உண்டு.