ஆய்வேடும் அதன் சட்டகமும்: எழுதியதை மீள நோக்கும் முறை பற்றிய சில குறிப்புகள்

கலாநிதிப் பட்ட ஆய்வேடுகள் குறித்து நமது தமிழ்த்துறைகளில் நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் தரவு, கோட்பாடு, முறையியல் என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. திரட்டப்பட்டவை எவ்வாறு ஒரு வாதமாக எழுதப்படுகின்றன என்னும் வினா, எழுதுபவரின் நடைத்திறன் சார்ந்த சொந்த விவகாரமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகின்றது. முற்போக்கு ஆய்வாளரும் இதற்கு விலக்கல்லர். ஆயின், ‘மூலதனம்’ முதலாந் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கு 1873 சனவரியில் எழுதிய பின்னுரையில், ஆராயும் முறையையும் எடுத்துரைக்கும் முறையையும் மார்க்ஸ் தெளிவாக வேறுபடுத்தியுள்ளமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஆராய்ந்த ஒழுங்கும் உரைக்கும் ஒழுங்கும் ஒன்றல்ல. நமது ஆய்வேடுகள் பலவோ, ஆய்வாளர் நூலகத்தில் எவ்வொழுங்கில் குறிப்பெடுத்தாரோ அவ்வொழுங்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

இவ்விரு ஒழுங்குகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்தறிய உதவும் எளிய செயன்முறையொன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் எழுத்துப் பயிற்சியில் வழக்கிலுள்ளது. இதனைப் பின்சட்டகம் எனலாம். எழுதத் தொடங்குமுன் இடப்படும் சட்டகம் எழுதுபவரின் எண்ணத்தைக் காட்டுவது. பின்சட்டகம் எழுதி முடித்த வரைவிலிருந்து பெறப்படுவது. ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அப்பந்தி உண்மையில் என்ன கூறுகின்றது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அவ்வாக்கியங்களை மட்டும் வேறொரு தாளில் வரிசையாகப் பெயர்த்து வாசித்தலே இதன் சாரம். எழுதப்படுவது எழுவாயும் பயனிலையும் கொண்ட கூற்றாக இருத்தல் வேண்டும். தலையங்கம் எதனையும் மறைத்துவிடும்; கூற்றினால் அது இயலாது. ஒரு வாக்கியத்துள் அடங்க மறுக்கும் பந்தி இரண்டு பந்திகளாதல் வேண்டும், அன்றேல் அதற்குள் கூற்றெதுவும் இல்லை என்பது பொருள்.

மார்க்சின் நூலே இத்தகைய மீள்நோக்குக்கு உட்பட்டதுதான். 1867இல் ‘மூலதனத்தின்’ அச்சுப்படிகளை வாசித்த ஏங்கெல்ஸ், பெறுமதியின் வடிவம் பற்றிய பகுதியிலே சிந்தனையின் படிநிலைகள் வாசகனுக்குத் தென்படவில்லை என்றும், சிறு பிரிவுகளும் தனித் தலையங்கங்களும் அவசியமென்றும் கடிதம் எழுதினார். அதனை ஏற்ற மார்க்ஸ் அப்பொருள் பற்றிய பின்னிணைப்பொன்றை முதற் பதிப்பிற் சேர்த்தார். இரண்டாம் பதிப்பில் அப்பகுதியே புதிதாக எழுதப்பட்டது. ஆறு அத்தியாயங்களாக இருந்த நூல் ஏழு பகுதிகளும் இருபத்தைந்து அத்தியாயங்களும் கொண்டதாயிற்று. இதனை வெறும் அலங்கார வேலை என்று எவரும் கூறார். ஏங்கெல்சைப் போன்றதொரு முதல் வாசகர் நம்முள் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை என்பதே பின்சட்டகத்தின் தேவைக்குப் போதிய நியாயமாகும்.

தமிழ் மாணவருக்கு இம்முறை முற்றிலும் அந்நியமானதன்று. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒவ்வொரு சூத்திரத்தின் முகப்பிலும் அது எதனை உணர்த்த ‘நுதலிற்று’ என வினவி, ஒரு தொடரில் விடை கூறிய பின்னரே உரைக்குட் புகுகின்றனர். ஓர் இயலுக்கும் அதற்கு முந்திய இயலுக்கும் உள்ள இயைபினையும் அவர்கள் கேட்டனர். பரிமேலழகர் குறளின் அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டமைக்குக் காரணங் கூறிச் செல்வதும் இவ்வகைப்பட்டதே. நன்னூல் கூறும் நூற்குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியவை வாக்கிய மட்டத்தில் அகப்படுவன அல்ல; ஒரு நூலின் சட்டகத்தை மொத்தமாக நோக்கும்போதே அவை புலப்படும். எல்லாம் நம் முன்னோரிடம் இருந்தன என்னும் வழமையான பெருமிதத்திற்காக இதனைக் கூறவில்லை. உரையாசிரியர் பிறர் நூலுக்கு, அதுவும் வழுவற்றதென முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட நூலுக்கு, இவ்வினாவைக் கேட்டனர். இயைபு இல்லாத இடத்திலும் இயைபு கற்பிப்பது அவர் கடமையாயிற்று. ஆய்வாளரோ தனது நூலுக்குத் தானே உரைகாரராக வேண்டியவர். இயைபு இல்லையெனின் இல்லை என்று ஓரத்தில் எழுதவேண்டியவர்.

இம்முறை எதனை வெளிக்கொணரும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, ஆறுமுக நாவலர் பற்றி எழுதப்படக்கூடிய ஓர் இயலைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் பின்சட்டகம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும். நாவலர் 1822இல் நல்லூரிற் பிறந்தார். மிசன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்றுவந்தார். அவரது உரைநடை எளிமையும் தெளிவும் வாய்ந்தது. ஆயினும் சாதியமைப்பை அவர் பேணி நின்றார்.

ஒவ்வொன்றும் உண்மை. எனினும் அச்சியந்திரத்திலிருந்து உரைநடைக்குச் செல்லும் வழியில் வாக்கியமெதுவும் இல்லை. பாடசாலை ஒன்று தோன்றியதும் படிமுறையான பாடநூல்கள் தேவையாகின்றன. ‘பாலபாடங்கள்’ அத்தேவைக்கு எழுந்தவை. ஓலைச்சுவடியை ஆசிரியர் வாயிலாகக் கேட்டுப் பயின்ற மாணவன் இப்போது அச்சிட்ட தாளைத் தானே வாசிக்கின்றான். சந்தி பிரித்தலும் நிறுத்தக் குறியீடுகளும் அவனுக்காகவே வருகின்றன. அதாவது எளிமை என்பது நாவலரின் தனிமனிதப் பண்பாக மட்டும் நில்லாது, புதியதொரு வாசிப்பு உறவின் விளைவாகத் தெரியத் தொடங்குகின்றது. இயலின் உயிரான இப்படிநிலையே வரைவில் இல்லாதிருந்தது. நடை நன்றாக இருந்தமையால் வாசித்தபோது அது தென்படவில்லை. இறுதி வாக்கியத்தின் ‘ஆயினும்’ இன்னும் மோசமானது. சாதி இங்கே ஒரு குறைபாடாக வாலில் ஒட்டப்பட்டுள்ளது. அப்பாடசாலையும் அந்நூல்களும் எவருக்காகத் தோன்றின, எவர் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றனர் என்னும் வினா மூன்றாவது வாக்கியத்திலேயே எழுந்திருத்தல் வேண்டும்.

மார்க்சிய ஆய்வேடுகள் என்று கூறிக்கொள்வனவற்றில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவது வருந்தத்தக்கது. ‘சமூக, பொருளாதாரப் பின்னணி’ என்றொரு முதல் இயல்; நிலவுடைமை, வர்க்கம், குடியேற்றவாதம் யாவும் அதிற் பேசப்படும். இரண்டாம் இயலிலிருந்து கதைச்சுருக்கமும் பாத்திர வருணனையும் தொடங்கும். இவற்றின் பின்சட்டகத்தில் முதல் இயலை முற்றாக நீக்கிவிட்டு வாசித்தாலும் எஞ்சிய வாக்கியங்களுக்கு எதுவும் நேராது. அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் இடையிலான உறவு அட்டவணையில் மட்டுமே இருக்கின்றது. பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த கைலாசபதி, வீரயுகப் பாடல்கள் பற்றி 1968இல் வெளியிட்ட நூலில், பாணர் மரபையும் வாய்மொழிப் பாட்டாக்க உத்திகளையும் ஆராய்வதனூடாகவே அச்சமூகத்தை அணுகினார். அவருடைய முடிபுகள் சிலவற்றோடு முரண்படலாம்; ஆயின் அங்கே சமூகம் முன்னுரையில் தேங்கி நிற்கவில்லை.

பின்சட்டகம் ஆதாரத்தின் மெய்ம்மையைச் சோதிக்காது. பொய்யான தரவுகளும் ஒழுங்காக அடுக்கப்படலாம். இயலின் முதல் வரைவு முடியுமுன் இதனைச் செய்வதும் உகந்ததன்று. சிந்தனை அலைந்து தேடவேண்டிய கட்டத்தில் அது கடிவாளமாகிவிடும். பந்திக்கொரு வாக்கியம் என்பது முரண்பாடுகளை மழுக்கிவிடும் என்பாரும் உளர். முரண்பாட்டையும் ஒரு வாக்கியத்தில் முரண்பாடாகவே எழுதலாம் என்பது அவர்க்கு விடை. மேற்பார்வையாளரிடம் இயலோடு சேர்த்து அதன் பின்சட்டகத்தையும் ஒரு தாளிற் கையளிக்கும் வழக்கம் நமது துறைகளில் ஏற்படுமாயின், உரையாடல் எழுத்துப்பிழைகளில் தொடங்காது, நான்காவது வாக்கியத்திலிருந்து ஐந்தாவதற்கு எவ்வாறு வந்தீர் என்னும் வினாவிலேயே தொடங்கும்.