படைவீரனின் உடலும் பாதுகாப்புச் சபையின் பார்வையும்: 1308ஆம் தீர்மானம் பற்றிய ஒரு நோக்கு

வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படும் படையினரிடையே பாலியல் நோய்கள் பரவுவதை அவர்தம் தனியொழுக்கக் குறைபாடாகக் கொள்ளும் போக்கு நெடுங்காலமாக நிலவிவருகின்றது. இளமை, குடும்பப் பிரிவு, மதுப்பழக்கம் என்பன காரணங்களாகக் கூறப்படும். இவை பொய்யல்ல, எனினும் முழுமையானவையுமல்ல. வீரனை அவ்விடத்தில் நிறுத்தும் அமைப்பும், அவனெதிரே நிற்கும் பெண்ணின் வறுமையும் இவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

1992–93 காலப்பகுதியிற் கம்போடியாவிற் பணியாற்றிய ஐக்கிய நாடுகள் இடைக்கால நிருவாகம் இதற்குத் தக்க சான்றாகும். படையினரும் பொலிசாரும் சிவில் அலுவலருமாக 20,000க்கும் மேற்பட்டோர், நீண்ட போரினால் நலிந்த அந்நாட்டில் வந்திறங்கினர். அவர்களோடு டொலரும் வந்தது. பாலியல் தொழில் பெருகிற்று. இதுபற்றி முறையிடப்பட்டபோது, நிருவாகத் தலைவர் யசூஷி அகாஷி அதனை இளம் வீரரின் இயல்பென்றே கருதிப் பதிலிறுத்தார். கடுங் கண்டனம் எழுந்தது. விடுதிகளின் முன்னே வாகனங்களை நிறுத்தவேண்டாமெனப் பணியாளர் அறிவுறுத்தப்பட்டனர். காக்க முனைந்தது நிறுவனத்தின் பெயரையேயன்றிப் பெண்ணின் உடல்நலத்தையன்று. அந்நாட்டில் எச்.ஐ.வி. 1991இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஆதலின், அதனைப் படையினரே கொணர்ந்தனர் எனல் பொருந்தாது. அது பரவுதற்கேற்ற சந்தையை அவர்தம் வருகை விரிவாக்கிற்று என்பதே பொருந்தும்.

2000 யூலை 17ஆம் திகதி பாதுகாப்புச் சபை 1308ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அமைதிகாப்போருக்கான பயிற்சி, சுயவிருப்பின்பேரிலான இரகசியப் பரிசோதனை, ஆலோசனை ஆகியவற்றை அது வலியுறுத்தியமை முன்னேற்றமே. ஆயினும், நோயைப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் காணும் அதன் நோக்கிற் படைவீரன் முதலிடம் பெறுகின்றான். அவன் பாசறையிட்ட ஊரின் பெண் பின்தள்ளப்படுகின்றாள். ஆணுறையின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை வற்புறுத்திக் கேட்கும் வலிமை, அன்றைய உணவுக்காக உடலை விற்பவளுக்கு உண்டா? 2003இல் செயலாளர் நாயகம் பணங்கொடுத்துப் பாலுறவு கொள்வதைத் தடைசெய்தார். 2011இல் நிறைவேறிய 1983ஆம் தீர்மானமே பெண்கள்மீது இந்நோய் சுமத்தும் மிகுபாரத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

விதிகள் மாத்திரம் போதா என்பதற்கு நமக்கு அண்மையதான சான்றும் உண்டு. 2007இல், பாலியற் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில், நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹெயிற்றியிலிருந்து திருப்பியனுப்பப்பட்டனர். அமைதிகாப்புப் படையினர்மீதான குற்றவியல் நியாயாதிக்கம் படையனுப்பும் நாட்டிடமே உள்ளது. அந்நாடு வாளாவிருப்பின், பாதிக்கப்பட்டவள் சென்று முறையிட வேறு மன்றில்லை.

பல நாடுகளிற் படைவீரனும் வறிய குடும்பத்தின் மகனே. அவனது நோயை அவனது பாவமாகவும், அவளது நோயை அவளது தொழிலாகவும் காட்டும் விளக்கம் இருவரையும் அங்கு கொண்டுவந்து சேர்த்த அதிகாரத்தை மறைத்துவிடுகின்றது. அம்மறைப்பை அகற்றுவதே இத்துறை ஆய்வின் முதற்கடனாகும்.