நிறம் மாறினா குற்றவாளியா?

துப்பறியும் தொடர்கள்ல அடிக்கடி வர்ற காட்சி இது. சந்தேக நபரோட கையைப் பஞ்சால துடைப்பாங்க. ஒரு சொட்டு ரசாயனம் விடுவாங்க. பஞ்சு நிறம் மாறும். "இவன்தான் சுட்டான்." என்னோட விமர்சனம் அந்த ரசாயனத்து மேல இல்லை, அந்தக் கடைசி வாக்கியத்து மேல. நான் வேதியியல் படிச்சவன் இல்லை, மென்பொருள் எழுதுறவன். ஆனா ஒரு சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு பார்க்குறது என் தொழில்ல தினசரி வேலை.

முதல்ல இந்தப் பழைய கதை. உருக்கிய மெழுகைக் கையில பூசி, உரிச்சு, அது மேல டைஃபீனைல்அமீன் விடுவாங்க. நைட்ரேட் இருந்தா நீலம். இதுதான் பாரஃபின் சோதனை. சிக்கல் என்னன்னா, உரம், புகையிலை, சிறுநீர் பட்ட கையும் நீலமாகும். கென்னடி கொலையை விசாரிச்ச வாரன் கமிஷன் அறிக்கையில (1964) எஃப்.பி.ஐ. செஞ்ச பரிசோதனைகள் இருக்கு. ரிவால்வர்ல ஐந்து முறை சுட்ட 17 பேர்ல 8 பேருக்கு இரண்டு கையிலயும் ஒண்ணுமே வரலை. இன்னொரு பரிசோதனையில, சுடவே சுடாத 20 பேருக்கும் ஏதாவது ஒரு கையிலயாவது நிறம் வந்துச்சு! இப்படி ஒரு நிரலை நான் எழுதியிருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பாங்க.

அதுக்கு அடுத்த கட்டம்தான் ஈயம். வழக்கமான தோட்டாவோட பிரைமர்ல ஈயம், பேரியம், ஆன்டிமனி மூணும் இருக்கும். சுடும்போது இவை புகையோட வெளியேறி கையிலயும் துணியிலயும் படியும். 1959-ல் ஹாரிசன், கில்ராய் என்ற இருவர் இந்த மூணையும் நிறத்தால் காட்டும் முறையை வெளியிட்டாங்க. ஈயத்துக்கு சோடியம் ரோடிசோனேட். அமிலத்தன்மை உள்ள கரைசல்ல ஈயத்தோட சேர்ந்தா இளஞ்சிவப்பு. அது மேல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தெளிச்சா நீல ஊதா. இந்த இரண்டாவது மாற்றம் வந்தா அது ஈயம்தான்.

சரி, ஈயம்தான். ஆனா எங்கிருந்து வந்த ஈயம்? என் மேஜை டிராயர்ல சால்டரிங் கம்பி இருக்கு. அதைத் தொட்ட என் கையும் நிறம் மாறலாம். பேட்டரி கடைக்காரர், பழைய பெயின்ட் சுரண்டுறவர் கதையும் அதுதான். மறுபக்கம், சுட்டவன் கையைக் கழுவிட்டாலோ, ஈயமில்லாத தோட்டா பயன்படுத்தியிருந்தாலோ நிறமே வராம போகலாம்.

அப்போ இந்தச் சோதனை குப்பையா? இல்லவே இல்லை. துணியில ஒரு ஓட்டை இருக்கு, அது தோட்டா போட்டதான்னு கேட்டா, ஓட்டையைச் சுத்தி வர்ற ஊதா வளையம் நல்ல பதில். அதே துப்பாக்கி, அதே வகைத் தோட்டாவால வெவ்வேறு தூரத்துல துணிகளைச் சுட்டு ஒப்பிட்டா, எவ்வளவு தூரத்துல இருந்து சுட்டாங்கன்னும் கணிக்கலாம். அங்கே கேள்வி ஓட்டையைப் பத்தி, மனுஷனைப் பத்தி இல்லை.

"இதெல்லாம் பழசு, இப்போ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கே"ன்னு சொல்வீங்க. லண்டன்ல 1999-ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். சுமார் ஒரு வருஷம் கழிச்சுக் கைப்பற்றின ஒரு கோட்டுப் பையில இருந்த ஒரே ஒரு துகள், பேரி ஜார்ஜ் மீதான வழக்குல முக்கியச் சாட்சியமாச்சு. 2001-ல் தண்டனை. அவர் சுட்டிருந்தாலும் சுடாம இருந்திருந்தாலும் அந்தத் துகள் கிடைக்கிற வாய்ப்பு ஒரே அளவுதான்னு பிறகு நிபுணர்களே ஒத்துக்கிட்டாங்க. 2007-ல் தண்டனை ரத்து, 2008 மறுவிசாரணையில விடுதலை. அதுக்குள்ள எட்டு வருஷம் போயிடுச்சு.

கருவி மாறியும் தவறு மாறலை. "இங்கே என்ன இருக்கு?"ங்கிற கேள்விக்கு வந்த பதிலை, "யார் செஞ்சது?"ங்கிற கேள்விக்கு ஒட்ட வச்சாங்க. அடுத்த தடவை திரையில பஞ்சு ஊதாவா மாறும்போது ஒண்ணு மட்டும் கேளுங்க: சுடாதவங்க கையையும் இப்படித் துடைச்சுப் பார்த்தாங்களா?